புனுகு சேர்த்த தோல் வாசனை

1934 வைகாசி 19, சனிக்கிழமை

என் மனைவி திரேசா பூசும், தோல் மணமுள்ள 'ருஷ்யத் தோல்' சென்ட் கண்டிக் கடைகளில் இப்போது வருவதில்லை. அது இல்லாமல் திங்கட்கிழமை வத்தேகமயில் நடக்கும் எங்கள் பேத்தியின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று நிற்கிறாள். ஆகையால் நானே அதைப்போல ஒரு சென்ட் கூட்டினேன். தோல் வியாதிக்குப் பூசும் மரத் தார் எண்ணெய், வெட்டிவேர் எண்ணெய், சந்தன எண்ணெய் மூன்றையும் அளந்து ஸ்பிரிட்டில் விட்டேன். புதுச் சப்பாத்தின் மணம் வந்தது. அதைப் போட்டு நடக்கும் ஆளின் சூடு வரவில்லை. புனுகுதான் குறை என்று பட்டது.

அத்தர் வியாபாரி காசிம் நானா புனுகைத் தந்துவிட்டுச் சிரித்தார். "மாஸ்டர், கூடிப்போச்செண்டா கோயில்ல பூசைக்கு உங்கட வாங்கில பக்கத்தில ஒருத்தரும் இருக்கமாட்டாங்க!"

ஊசி முனையளவே சேர்த்தேன். மாலையில் திரேசாவின் கைக்குட்டையில் ஒரு துளி விட்டுக் கொடுத்தேன்.

நெடுநேரம் முகர்ந்தாள். "இது அது இல்லீங்க."

வழக்கமானால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். இன்று, "இல்லதான். இது அதவிட நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையைக் கல்யாணத்துக்குக் கட்ட எடுத்து வைத்த பட்டுச் சேலையின் மடிப்புக்குள் வைத்து அலுமாரியைப் பூட்டினாள். "போத்தல பத்திரமா வைங்க" என்றாள்.

சென்டில் உள்ள தார் அந்தப் பட்டுச் சேலையில் கறை விடுமோ என்று இப்போது ஒரு யோசனை. விடாது. நன்றாக வடித்துத்தான் சேர்த்தேன்.