தட்டில் வைத்த மிச்சம்

ஃப்ரிட்ஜ் கதவில் கணவன் ஒட்டியிருந்த 'உடம்பு இளைக்க வழிகள்' தாளை உரித்தெடுத்து, அதன் பின்பக்கத்திலேயே அவள் எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போனாள்:

"உங்க அக்கா முன்னாடி என் எடையைத் தண்டோரா போட்டீங்களே, நாக்கு கூசலையா? சரி, இனிமே நீங்க எழுதினபடியே நடக்கிறேன். காலையில உட்கார்ந்து, மெதுவா, நல்லா மென்னு சாப்பிட்டேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. அதனால மதியத்துக்குச் சமைக்கலை. நாலு மணிக்கு அக்கா மறுபடி வர்றாங்களாம், நீங்களே கவனிச்சுக்குங்க."

அடியில், இடம் போதாமல் நெருக்கி:

"மிச்சம் மீதியைத் தின்னாதேன்னும் எழுதியிருக்கீங்க. நேத்து நீங்க பாதியில எழுந்துபோன தட்டு அப்படியே ஃப்ரிட்ஜ்ல இருக்கு. பதினோரு வருஷமா நீங்க வைக்கிற மிச்சத்தைக் கொட்ட மனசு வராம, நானே தின்னுதான் இந்த எடைக்கு வந்தேன். இன்னைக்கு மதியம் உங்களுக்கு அதுதான்."