அண்ணன் முகத்துக்கு நேராக

அண்ணி,

நேற்று திண்டிவனத்து ஹார்டுவேர் கடையில் தோல் கையுறைக் கட்டைப் பிரித்துப் போட்டார்கள். அந்தப் புதுத்தோல் வாசனையில் நீங்கள் வந்து நின்றீர்கள். என்ன வாங்க வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோனது.

நீங்கள் வாங்கும் விதமே தனி. வெல்டிங் கண்ணாடியைக் கண்ணுக்கு நேராக வைத்துக் கடையின் டியூப்லைட்டைப் பார்ப்பீர்கள். "இன்னாண்ணா இது, லைட்டு பளிச்சுனு தெரியுது? திருவிழாவுக்கு மாட்டிக்கினு போறதுக்கா கேட்டேன்?" கடைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து கறுப்பு கூடியதை எடுத்து வருவார். வெல்டிங் வேலைக்கு அண்ணனுக்குப் பருத்திச் சட்டைதான். பாலியஸ்டரில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சட்டையிலும் பையைப் பிரித்து எடுத்துவிடுவீர்கள், பொறி அதில் போய் விழும் என்று.

அண்ணனின் ஒரு பழக்கத்தைத்தான் உங்களால் மாற்ற முடியவில்லை. ஒரு கையில் ஒட்டவேண்டிய கம்பி, மறு கையில் வெல்டிங் ராடு. முகத்துக்கு முன்னால் கையில் பிடிக்கவேண்டிய கறுப்புக் கண்ணாடி ஷீல்டு தரையில் கிடக்கும். "ஒரு பொட்டுதானே" என்று கண்ணை மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒட்டுவார். திட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் நீங்களே பக்கத்தில் நின்று ஷீல்டை அவர் முகத்துக்கு நேராகப் பிடிக்க ஆரம்பித்தீர்கள். உங்கள் முகம் மட்டும் சுவரைப் பார்த்திருக்கும்.

"மாலை மாத்தறப்பகூட இந்தாளு மூஞ்சிக்கு இவ்ளோ கிட்ட நான் நிக்கல பாப்பா" என்று என்னிடம் சிரிப்பீர்கள்.

நீங்கள் இறந்துபோனபிறகு அவர் பழையபடி கண்ணை மூடி ஒட்டுகிறார். போன வாரம் விழுப்புரத்தில் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இடது கண் பாதி போய்விட்டதாம். வலது கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

அதனால்தான் நேற்று அந்தக் கடைக்குப் போனேன். தலையில் மாட்டும் முகமூடி வாங்கினேன். இரண்டு கையும் வேலைக்கு இருக்கும். உங்களைப்போலவே டியூப்லைட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன். பட்டறையில் அண்ணன் மாட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது." குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கி வந்தது. அடுத்த நிமிடமே கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

"ஏன்ணா?"

"உள்ள ஒரே இருட்டு பாப்பா. பக்கத்துல யாருமே இல்லாத மாதிரி இருக்குது."

பழைய ஷீல்டை எடுத்துக்கொண்டு நானே அவர் பக்கத்தில் நின்றேன். ராடு எந்த நொடியில் கம்பியைத் தொடும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கையைத் தூக்குவதற்குள் வெளிச்சம் அடித்துவிட்டது. உங்களுக்கு அது எப்படித் தெரிந்தது அண்ணி? கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உடு பாப்பா. உனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

இன்று காலை விழுப்புரத்தில் என் வீட்டிலிருந்து போன் செய்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டுப் பேசினார். பின்னால் ராடு சடசடவென்று எரிகிற சத்தம்.

"முகமூடி மாட்டினியாண்ணா?"

"மாட்டிக்கினுதான் வேல செய்யறேன். நீ ஏன் பேஜாராவற?"

குரல் அமுங்கவே இல்லை. எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது.

"சரிண்ணா" என்றேன். அந்த ஷீல்டின் கனம் இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது அண்ணி. விழுப்புரத்திலிருந்து கை எட்டவில்லை. பக்கத்தில் நின்றபோதும் எட்டவில்லை.