சகலையின் வண்டியில் ஐம்பத்திரண்டு டிகிரி

மே 17, 2006. புதன்.

சகலையின் புது பிக்கப்பில் வெளிவெப்பம் காட்டும் திரை உண்டு. என் பழைய வண்டியில் ஹாரன் அடித்தாலே அதிசயம். இன்று லோடு பிடிக்க இருவரும் போயிருந்த தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனி வாசலில் அந்தத் திரை ஐம்பத்திரண்டு டிகிரி காட்டியது. மேனேஜர் மிரண்டுவிட்டார்.

"வண்டி இம்புட்டுக் கொதிக்குதே! இதுல பட்டாசா? லோடை இவுக வண்டியில ஏத்துங்க," என்று என்னைக் காட்டினார்.

குடோன் சுவரில் தொங்கிய வெப்பமானியில் முப்பத்தெட்டுதான். பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

"சகல, என்னான்னு கொஞ்சம் பாருங்களேன்," என்றான் சகலை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முன் கிரில்லுக்குள் கையை விட்டேன். பம்பருக்குப் பின்னால் இருக்க வேண்டிய சென்சார் கழன்று, ரேடியேட்டர்மேல் சாய்ந்து கிடந்தது. அவன் திருஷ்டிக் கயிறு கட்டியபோது இழுபட்டிருக்கிறது. கயிற்றை அவிழ்த்து, சென்சாரை மாட்டினேன். ரோடு பிரியும் விலக்கு வரை ஓட்டியதும் திரை முப்பத்தெட்டுக்கு இறங்கியது. லோடும் அவனுக்கே போனது.

கிளம்பும்போது கயிற்றை என்னிடம் நீட்டினான். "நீங்களே வேற எடத்துல கட்டிருங்க சகல. ஊருக்கண்ணு பொல்லாதது."

என் கையாலேயே இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.