மாமன் மடி வரும் தூரம்

அன்பு மகன் தவமணிக்கு, ஆனையூரிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடு நன்றாக இருக்கிறோம், நீயும் அந்தப் பனியில் உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசினால் நீ கத்துகிறாய், அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், முழுவதும் படி.

கொட்டாம்பட்டிக் கோயில் காதுகுத்தில் நடந்ததை ஆளுக்கொரு விதமாக உன்னிடம் சொல்லியிருப்பார்கள், நான் கண்ணால் கண்டது இது. டொரண்டோவில் பனி கொட்டி உன் விமானம் ரத்தானதும், உன் சித்தப்பா மகன் காளையும் தாய்மாமன் முறைதானே என்று அவன் மடியில் உன் தங்கை பாண்டீஸ்வரி மகள் தமிழ்வாணியை உட்கார வைத்தோம். ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்தார், பிள்ளை வீறிட்டது. அப்போது மாப்பிள்ளையின் அண்ணன் மொக்கைச்சாமி காளையைப் பார்த்து, “என்ன மாப்ள, கனடாக்காரன் மடியை வாடகைக்கு விட்டுட்டானா? அம்புட்டு தூரத்தைக் கணக்குப் போட வாத்தியாருக்கே தெரியலையா?” என்று என்னையும் சேர்த்துப் பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். காளை, “பெரியப்பாவைப் பேசுன, பல்லு இருக்காது” என்று பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்தான். இரும்பு நாற்காலிகள் பறந்தன. காளை சோற்றுக் கரண்டியால் அடித்த அடியில் மொக்கைச்சாமியின் நெற்றி பிளந்து இரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. அவன் கிடா வெட்டிய அரிவாளைத் தூக்கி வந்து காளையின் கழுத்துக்கு ஓங்கினான். நம் மாப்பிள்ளை சூரியபிரகாஷ் குறுக்கே கையை நீட்டிவிட்டார். இரண்டு விரல்கள் குங்குமத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தன. விரல்களைத் துணியில் சுற்றிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஒன்றைத்தான் ஒட்டவைக்க முடிந்தது. மொக்கைச்சாமியைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது, காளை மீதும் வழக்கு.

நேற்று நீ தங்கையிடம், “டிக்கெட் போட்டுட்டேன், வாரேன், மொக்கைச்சாமி ஜாமீன்ல வரட்டும், அவன் கையை எடுக்காமத் திரும்ப மாட்டேன்” என்றாயாம். அதிலிருந்து அவள் சோற்றில் கை வைக்கவில்லை. தன் கையைக் கொடுத்து நம் பையனைக் காப்பாற்றியவரின் அண்ணனை நீ வெட்டினால், அவள் எந்த வீட்டில் வாழ்வாள்? தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். பதின்மூவாயிரம் கிலோமீட்டர், அப்படி வகுத்தால் ஒரே பகலில் வந்துவிடலாம். அந்தக் கணக்கில் பனியும் இல்லை, துபாயில் காத்துக் கிடப்பதும் இல்லை. அரிவாள் இறங்கக் கண் இமைக்கும் நேரம் போதும், உனக்கோ ஒரு நாளுக்கு மேல் இருக்கிறது. விமான நிலையத்தில் நகவெட்டியைக்கூட வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், கோபத்தை யாரும் சோதிப்பதில்லை, அதை நீயேதான் இறக்கிவைக்க வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு காதில்தான் தோடு இருக்கிறது. மற்றதையும் குத்திவிடலாம் என்று ஆசாரி வந்தார். மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையை ஆட்டி, “வேணாம் மாமா, அந்தக் காது மச்சானுக்கு” என்றார்.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. மடியோடு வா, கையில் ஒன்றும் வேண்டாம்.

உன் அப்பா,
கா. சோணை