மூன்றாவது மடிப்பு

அன்புள்ள ஆமைக்கு,

இங்கே எல்லோரும் ஏதோ இருக்கிறோம். நீயும் வீட்டுக்காரரும் குழந்தையும் சுகம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி குறைந்தபாடில்லை. நம் ஆய்வகமும் அப்படியேதான். குளிர்பெட்டிக் கதவு இன்னும் சரியாக மூடுவதில்லை. "தள்ளி மூடவும்" என்று நீ ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டு எல்லோரும் தள்ளாமலே போகிறார்கள். எனக்குத்தான் உடம்பில் தெம்பில்லை. பத்து நாளாகச் சரியான தூக்கம் கிடையாது. காரணத்தைத் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அடுத்த கட்டுரைக்காக நம் பழைய மரபணு எழுத்து வரிசைகளோடு புதிய பாக்டீரியாக்களையும் சேர்க்கச் சொன்னார் பேராசிரியர். அன்று நாம் மூவரும் கட்டுரை எழுதியபோது இருந்தது முப்பத்தெட்டு. இன்று இருநூற்றுக்கு மேல். ஆர்.என்.ஏ. இழை மடிந்து எதிரெதிர் எழுத்துகள் ஜோடி சேரும் இடங்களில் முதல் இரண்டு மடிப்பும் அசையாமல் நிற்கின்றன. ஒரு பக்கம் எழுத்து மாறினால் எதிர்ப்பக்கமும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. எத்தனை கோடி வருடமானாலும் ஜோடி பிரியவில்லை. மூன்றாவதில் அப்படி இல்லை. ஒன்று மாறுகிறது, எதிரே இருப்பது தன் பாட்டுக்கு இருக்கிறது. அப்படி ஒரு மடிப்பே கிடையாதடி. வைட்டமின் வந்து ஒட்டியதும் மரபணுவின் வேலையை விளக்கு மாதிரி அணைக்கிற சுவிட்ச் அதுதான் என்று ஊருக்கெல்லாம் சொன்னோமே!

பழைய கோப்பைத் தோண்டினேன். பதினொரு பாக்டீரியாக்களில் எழுத்துகள் ஓரிடம் தள்ளி நின்றிருக்கின்றன. ஓர் இடைவெளி விட்டு நகர்த்தினால் ஜோடி அழகாகச் சேர்ந்துவிடும். நகர்த்தியது நான். கையால் கொஞ்சம் நகர்த்துவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் நான் வரிசையைப் பார்த்து மடிப்பைத் தேடவில்லை. மடிப்பை மனதில் வைத்துக்கொண்டு வரிசையை நகர்த்தியிருக்கிறேன். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அன்று உன் சோதனைக்குழாயில் அந்த மடிப்பின் விளைவு மங்கலாகத்தான் தெரிந்தது. "இன்னும் ரெண்டு தடவை பண்ணிப் பாத்துடலாமேடி" என்றாய். "வரிசையே இவ்வளவு தெளிவா சொல்லுது, ஆமை மாதிரி நகராதே" என்று உன் வாயை அடைத்ததும் நான்தான். அந்தப் பெயரும் அன்று வைத்ததுதான். வெட்கமாக இருக்கிறது.

பேராசிரியரிடம் சொன்னேன். "யாரும் கேக்கலையே. வேலியில போற ஓணானை எடுத்து ஏம்மா மடியில விட்டுக்கறே?" என்றார். கெட்டவர் இல்லை, அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார், களைத்துவிட்டார். நானும் களைத்துத்தான் போயிருக்கிறேன். ஆனால் போன வாரம் எங்கோ ஒரு மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். நம் மூன்றாவது மடிப்பை நம்பி ஒன்றரை வருடமாக மருந்து தேடுகிறாளாம். எதுவும் ஒட்டவில்லையாம். தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று நம்மிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அதைப் படித்தபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் பழைய கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மூவர் கையெழுத்தும் வேண்டும். பேராசிரியர் முணுமுணுத்துக்கொண்டே போட்டுவிட்டார். அடுத்த மாதம் உன் வேலையை நிரந்தரமாக்கும் குழு கூடுகிறது என்பதும், எந்தக் கட்டுரையைப் பார்த்து உன்னை எடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அது முடியட்டும் என்று காத்திருக்கலாமா என நாலு நாள் யோசித்தேன். பின்னால் விஷயம் வெளியே வந்தால் நீயும் தெரிந்தே மறைத்ததாக ஆகிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? நகர்த்தியது நான், சந்தேகப்பட்டது நீ என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறேன். அந்த வரியைப் பேராசிரியர் எடுக்கச் சொன்னார், எடுக்கவில்லை. அது உன் வேலையைக் காப்பாற்றுமா என்று தெரியவில்லை.

மாதக் கடைசி வரை காத்திருக்கிறேன். திட்டுவதென்றால் நன்றாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். வெறும் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிடாதே. கூட ஒரு வரியாவது எழுது.

இப்படிக்கு,
உன் அவசரக்குடுக்கை