லேப்டாப் சத்தம் ஓய்ந்த அன்று

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்னாடியே சொன்னவன் நான். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுவேன், அது உங்களுக்குத் தெரியும். லேப்டாப் சூடாகும் என்றேன், ஆனது. உங்கள் மகள் பாப்பா சீமையை விட்டு ஊர் வந்து சேருவாள் என்றேன், வந்தாள். உங்களைப் பற்றியும் ஒன்று தெரிந்திருந்தது. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இன்று காலையில் முருங்கைக்காய் கொடுத்துவிட்டு வரலாம் என்று உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசல்படி ஏறும்போதே அந்த வாசம். சூடேறின பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்து லேசாகக் கருகுகிற வாசம். உள்ளே உர்ரென்று காற்றாடிச் சத்தம். நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றே நினைத்துவிட்டேன். செருப்பைக் கழற்றும்போது "என்ன மச்சான், சாப்டாச்சா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

உள்ளே பாப்பா. வேலைக்காக யாரோ வீடியோவில் அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையை மட்டும் அசைத்து என்னை உட்காரச் சொன்னாள். லேப்டாப்புக்கு அடியில் இன்னும் அதே கவிழ்த்துப் போட்ட இட்லித் தட்டு.

அந்தத் தட்டு என் கண்டுபிடிப்பு என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் சாணார்பட்டியில் இத்தனை வருஷம் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவனுக்குச் சூடு தெரியாதா? ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்தால், எந்தத் திருவிழாவில் எந்தப் பாட்டுக்கு அது புகையும் என்று சொல்லிவிடுவேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் போக நின்ற ஒரு வெள்ளைக்காரனின் லேப்டாப்பை ஹேர்பின்னை வைத்தே உயிர்ப்பித்த கதையை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். "போன தடவை சொன்னப்ப அவன் ஒத்தையா வந்தான் மாப்ளே, இப்பப் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்திருக்கான். அடுத்த தடவை புள்ளகுட்டியும் வந்திருமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். சிரிப்பு இருமலில் போய் முடியும். அப்புறம் நான்தான் முதுகைத் தடவிவிடுவேன்.

அந்த இருமலை வேடசந்தூர்ப் பக்கத்து மில்லில் நூற்ற பஞ்சு உங்களுக்குக் கொடுத்தது. நெஞ்சுக்குள் தூசி உறைந்துபோய், கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் வந்து உட்கார்ந்தது. ஒரு சின்ன பீரோ உயரம். செத்த நேரத்துக்கு ஒரு தடவை "புஸ்" என்று ஒரு மூச்சு விடும். அதை வைத்த அன்றைக்கே என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். பாப்பாவுக்குத் தெரியக் கூடாது. இந்த வருஷத்தைத் தாண்டிவிட்டால் அங்கே அவளுக்கு வேலை நிரந்தரம். தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். "அவ அம்மா போனதுக்கு அப்புறம் நான் செஞ்ச ஒரே வேலை அவளை மேல ஏத்தி விட்டதுதான் மாப்ளே. என்னால அவ இறங்கக் கூடாது" என்றீர்கள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது மட்டும் மூக்குக் குழாயைக் கழற்றி மடிக்குள் மறைத்துக்கொள்வீர்கள். மிஷினை நிறுத்த முடியாது. நிறுத்திப் போட்டால் மறுபடி அதில் காற்று ஊற நேரமாகும், அதுவரை உங்களால் தாங்க முடியாது.

லேப்டாப் அவள் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. சீமைக்குப் போகும்போது அதில் லினக்ஸ் போட்டு உங்களுக்கு விட்டுப்போனாள். பழைய லேப்டாப்பும் அதில் நன்றாக ஓடும் என்றாள். ஓடியது. ஆனால் வீடியோவில் பேச ஆரம்பித்ததும் நெல் அரைக்கிற மில் மாதிரி அலறியது. படம் நின்று நின்று வந்தது. உங்கள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிவதாகப் பாப்பா எனக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னாள். "மாமா, உங்களை விட்டா அதைச் சரி பண்ண ஆள் இல்ல" என்றும் சொன்னாள். அந்த ஒரு சொல் எனக்குப் போதாதா, மச்சான்?

முதலில் பின்பக்கத்தைக் கழற்றிப் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். ஒரு பூனைக்குட்டி அளவுக்குத் தூசி வந்தது. சரி, பூனைக்குட்டியின் காது அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் சத்தம் அடங்கவில்லை. இட்லித் தட்டைக் கவிழ்த்து மேலே வைத்தேன், சூடு கொஞ்சம் தணிந்தது, படம் திருந்தவில்லை. அப்புறம் பாப்பாவே போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து தட்டினேன். எந்த நிரல் பிராசஸரை எவ்வளவு தின்கிறது என்று வரிசையாக வந்தது. முதல் வரியில் பிரவுசர், முன்னூறு சதவீதத்துக்கும் மேல். நூற்றுக்கு மேல் எப்படிச் சதவீதம் வரும் என்று நான் சண்டைக்குப் போனேன். பிராசஸருக்கு உள்ளே நாலு பேர் வேலை செய்கிறார்கள், ஒவ்வொருத்தருக்கும் நூறு என்றாள். அப்படியானால் மூன்று பேருக்கு மேல் முதுகு ஒடிய உழைக்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். யார் அவர்களை இப்படி வேலை வாங்குவது?

"அப்பா பின்னாடி மங்கலா தெரியிற மாதிரி வச்சிருக்காரா, பாருங்க மாமா. அது ரொம்பத் தின்னும்" என்றாள்.

வைத்திருந்தீர்கள். எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் முகத்தை மட்டும் விட்டுவிட்டு, பின்னால் நிற்கிற மிஷினை ஒவ்வொரு நொடியும் அழித்து அழித்துக் காட்டத்தான் அந்தப் பழைய பிராசஸர் அம்புட்டுப் பாடுபட்டது.

இன்றைக்குப் பாப்பாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருப்பது மாலை போட்ட உங்கள் படம். கேள்வி கேட்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று மங்கலாக்கியிருக்கிறாள்.

லேப்டாப்பைச் சரி பண்ணின அன்றைக்கு நான் என்ன செய்தேன்? சத்தியத்தையும் காப்பாற்ற வேண்டும், பேரும் வாங்க வேண்டும். போய்ச் சேர்ந்த என் அக்காவின் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, மிஷினுக்கு முன்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மங்கலை அணைத்தேன். படத்தை விரிக்கிற வேலையைப் பிராசஸர் தலையில் கட்டாமல் கிராபிக்ஸ் சிப்புப் பக்கம் தள்ளிவிட ஒரு டிக் உண்டு, பாப்பா சொன்ன இடத்தில் அதையும் போட்டேன். நீங்கள் கட்டிலிலிருந்து "விடுங்க மாப்ளே, அது பாட்டுக்குக் கத்தட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். எனக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு பாப்பா வீடியோவில் வந்தாள். படம் தெளிந்த கிணற்றுத் தண்ணீர் மாதிரி. காற்றாடி ஓய்ந்துவிட்டது. தன் அம்மாவின் சேலையைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா கெட்டிக்காரர்தான்" என்றாள். நான் காமிராவில் படாத மூலையில் நின்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த மௌனத்தில் "புஸ்" என்றது.

"அப்பா, அது என்ன சத்தம்?"

"லேப்டாப்புதாம்மா."

"லேப்டாப்பத்தான் மாமா சரி பண்ணிட்டாரே."

உங்களைப் பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. மிஷின் சத்தத்துக்கு லேப்டாப் சத்தம் மறைப்பு. படம் நிற்கும்போதெல்லாம் நீங்கள் குனிந்து குழாயை மூக்கில் வைத்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் இரண்டையும் பிடுங்கிவிட்டேன். படம் நிற்கவே இல்லை, மச்சான். நீங்கள் அவள் முகத்தைப் பார்த்தபடியே மூச்சை அடக்கி அடக்கிப் பார்த்தீர்கள். முடியவில்லை. கை தானாக மேலே வந்தது. குழாயோடு வந்தது.

பாப்பா அழவில்லை. "மாமா, உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் போய் மிஷினுக்கு முன்னால் தொங்கிய சேலையை அவிழ்த்தேன்.

ஆனி பிறந்ததும் வந்துவிட்டாள். அந்த வேலை அவளுக்காகக் காத்திருக்கவில்லை. திரும்பிப் போ என்று நீங்கள் கையால் சைகை காட்டுவீர்கள், அவள் அந்தக் கையைப் பிடித்து எண்ணெய் தேய்த்துவிடுவாள். கஞ்சியை ஆற்றி ஊட்டுவாள். ஆடிக் காற்று அடங்குவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

கருமாதி அன்றைக்குப் பந்தியில் சொந்தபந்தம் எல்லாம் இருக்க நான் சொன்னேன். போவதற்கு முந்தின சாயங்காலம் நீங்கள் என் கையைப் பிடித்து, "மாப்ளே, நீங்க செஞ்சதுதான் சரி. நான் மறைச்சது தப்பு. எம்புள்ளைய எங்கிட்டக் கொண்டாந்து சேத்துட்டீங்க" என்று சொன்னீர்கள் என்றேன். பரிமாறிக்கொண்டிருந்த பாப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அதற்குப் பிறகுதான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அப்பாவுக்குப் பிடிக்காததைச் செய்துவிட்டோமோ என்று அதுவரை உருகிக்கொண்டிருந்தவள்.

மச்சான், நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் வந்து உட்கார்ந்தால் கண்ணைத் திறந்து பார்ப்பீர்கள், மூடிக்கொள்வீர்கள். பேச மூச்சு இல்லையா, மனசு இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இனி தெரியவும் போவதில்லை.

இன்றைக்கு அவர்கள் கேள்வி கேட்டு முடித்து, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். லேப்டாப்பை மூடிவிட்டுப் பாப்பா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "அப்பா என்ன சொன்னாரு மாமா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன். வாயைத் திறந்தாலே ஏதாவது சேர்க்காமல் மூடத் தெரியாத நான், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டு வருவது அது ஒன்றைத்தான்.