ஆறு ஏறிய நாளின் ஆவணப்படம்

இன்று நம் ஊர் லாபிஸில் விடிந்ததிலிருந்து மழை. பள்ளி நடைபாதையில் ஈரச் சேற்று வாடை மூக்கில் ஏறியதும், பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போய் ஆற்றைப் பார்த்தேன். ஆறு கீழேதான் இருந்தது. ஆனாலும் சற்று நேரம் அங்கேயே நின்றேன். நீ இருந்திருந்தால் இந்நேரம் பக்கத்து வகுப்பிலிருந்து வந்து என்னருகில் நின்றிருப்பாய். நீ கண்மூடி இரண்டு வருடமாகிறது.

உன் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இந்த ஆற்றைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப்போகிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது.

"கட்டுரையே ஒழுங்கா எழுத வரல. பரீட்சை வேற வருது. இதுல படமா?"

"எழுதத்தான் போறாங்க, நீ பாரேன்," என்றாய்.

எழுதினார்கள். பழைய வெள்ளத்தைக் கண்டவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். "தவித்தார்களா, தத்தளித்தார்களா, எது சரி டீச்சர்?" என்று தமிழ் நடத்தும் என்னிடமே வந்து நின்றார்கள். மலாய் ஆசிரியரைத் துரத்தித் துரத்தி வசனங்களை மொழிபெயர்த்தார்கள். ஆற்றங்கரைக்கு வரைபடம் போட்டார்கள். கணிதமும் அறிவியலும் நடத்திய நீ, ஒரு பிளாஸ்டிக் குழாயில் அவர்களையே சென்டிமீட்டர் கோடு போடவைத்து, கீழே பாலர் பள்ளி வேலியோரம் நட்டாய். மாடியில், என் வகுப்பு வாசலில், ஒரு கைப்பேசி அந்தக் குழாயைப் படம் பிடித்தபடி நின்றது. மழை நாளில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து அளவைக் குறிப்பார்கள். எனக்கு அது பெரிய தொந்தரவு.

அன்றும் இப்படித்தான் மழை. உன் வகுப்பு லோஷினி, பக்கத்திலிருந்த என் வகுப்புக்குள் ஓடி வந்தாள்.

"டீச்சர், தண்ணி..."

"எப்பப் பாரு தண்ணி தண்ணின்னுகிட்டு! உன் கிளாசுக்குப் போ!"

அவள் கண்ணில் நீர் முட்டியது. உன்னிடம் ஓடினாள். நடைபாதையில் நீ அவள் நோட்டை வாங்கிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"பத்து நிமிஷத்துக்கு நாலு சென்டி ஏறிச்சு டீச்சர். இப்ப எட்டு. பாலர் பள்ளி வாசப்படிக்கு இன்னும் முப்பத்திரண்டுதான் இருக்கு."

"அப்ப எவ்வளவு நேரம்?"

"இப்படியே ஏறினா நாப்பது நிமிஷம். வேகம் கூடினா அதுவும் இல்ல."

நீ தலைமையாசிரியரைத் தேடவில்லை. "வா, சின்னப் பிள்ளைங்கள மேல தூக்கணும்!" என்று என்னிடம் கத்திவிட்டுப் படியிறங்கினாய்.

கீழே பதினெட்டுக் குழந்தைகள். சாரலுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் ஆசிரியைக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியவில்லை. ஆளுக்கு இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டாம் முறை இறங்கியபோது, ஏறும் வேகம் இன்னும் கூடி, முற்றத்தில் தண்ணீர் கணுக்காலில். கடைசிக் குழந்தை என் கழுத்தை இறுக்கியபோது முழங்காலில்.

மேலே வந்ததும் எண்ணினாய். பதினேழு. நான் மறுபடி படியை நோக்கித் திரும்பினேன். மறுபடி எண்ணினாய். பதினெட்டு. ஒருத்தி உன் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

வெள்ளம் வடிந்தபின் பிள்ளைகள் படத்தைத் தொகுத்தார்கள். கைப்பேசி அன்று எல்லாவற்றையும் பதிவுசெய்திருந்தது, நான் லோஷினியை விரட்டிய சத்தம் உட்பட.

"அத வெட்டிடச் சொல்லுடி," என்று உன்னிடம் கெஞ்சினேன்.

"படம் அவங்களோடது. அவங்களையே கேளு."

கேட்டேன். லோஷினிதான் பதில் சொன்னாள்.

"அத வெட்டினா, நாங்க சொன்னதும் எல்லாரும் நம்பின மாதிரி ஆயிரும். அது பொய்தானே டீச்சர்?" பிறகு மெல்ல, "நீங்க பிள்ளைங்கள தூக்கிட்டு வர்றதும் இருக்கு. ரெண்டையும் வைக்கிறோம்," என்றாள்.

மண்டபத்தில் பெற்றோர்முன் படம் ஓடியது. என் குரல் வந்த இடத்தில் தலைகுனிந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

இப்போதும் பாடத்தின் நடுவே ஒரு பிள்ளை எழுந்து "டீச்சர்" என்றால், எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது. அதை விழுங்கிக்கொண்டு, புத்தகத்தை மூடி, அதன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்: "சொல்லும்மா."